இடக்கை முடிச்சு

நவகிரிக் குளத்தில் ஒன்பதடிதான் தண்ணி.
வாய்க்காலை மறித்துக் கிடந்தது ஓர் உரப்பை.
மண் நிரப்பி, வாய் கட்டி,
தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல
பதமாகக் கிடத்தியிருந்தார்கள்.
அங்கால் கடைசி வரவை,
நேசம்மாவின் முக்கால் ஏக்கர்,
குடலைப் பருவம்.

அன்றிரவு முறைத்தண்ணி அவளுடையது.
கொப்பியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது:
செவ்வாய், ஒன்பது தொடக்கம் மூன்று வரை, நேசம்மா.

உரப்பை எல்லார் வீட்டிலும் ஒன்றுதான்.
மானிய உரம், ஒரே நிறம், ஒரே எழுத்து.
கயிறும் வெல்லாவெளிச் சந்தியில் ஒரே கடை.
வட்டையில் பதினேழு பேர் வந்து பார்த்து
ஆருடையது என்று கேட்டு
ஆருடையதும் இல்லை என்று போனார்கள்.
நான் முடிச்சைப் பார்த்தேன்.

வலம் வரவேண்டிய கயிறு இடம் வந்து,
அடியால் நுழைந்து, ஒரு காது விட்டு
இறுகியிருந்தது.
பதினோராம் ஆண்டு தை வெள்ளத்தில்
என் இடுப்பையும் மருதமரத்தையும் சேர்த்து
இதே முடிச்சால் கட்டிவைத்தான் பேரின்பம்.
'அசையாதடா' என்று சொல்லிவிட்டு
மாடுகளைத் தேடி நீந்திப் போனான்.
ஒரு பகலும் ஓர் இரவும்
அந்தக் காதைப் பிடித்தபடி உயிரோடிருந்தேன்.
எனக்கு அதை இருட்டிலும் தெரியும்.

மடியில் கத்தி இருந்தது. அறுத்திருக்கலாம்.
அறுத்தால் அது வெறும் கயிறு.

அவனுடைய வாடிக்குப் போனேன்.
தேத்தண்ணி தந்தான்.
மறைக்கவில்லை.
'உனக்கு மட்டுந்தான்டா தெரியும்.
எனக்கு நாலு ஏக்கர், வங்கிக் கடன்,
மகளுக்கு நாள் வச்சாச்சு.
அவளுக்கு முக்கால். கணக்குப் பாரன்.'
பார்த்தேன்.
தேத்தண்ணியில் சீனி சரியாக இருந்தது,
மனைவிக்குக்கூடப் பிடிபடாத என் அளவு.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையாரடியில் கூட்டம்.
பையை முடிச்சோடு மேசையில் வைத்தேன்.
ஆருடையதென்று சொன்னேன்.
எப்படித் தெரியும் என்று கேட்டார்கள்.
வெள்ளம், மரம், கயிற்றின் காது,
எல்லாம் சொல்லவேண்டி வந்தது.
தன் உயிரைக் காத்த கதையைக்
குற்றப்பத்திரமாய் வாசித்தவன்
இந்த ஊரில் நான் ஒருத்தனாய்த்தான் இருக்கும்.

நாலு மூடை நெல், நேசம்மாவுக்கு.
இரண்டு முறைத்தண்ணி வெட்டு.
பேரின்பம் எழும்பினான்.
'சரி, விதானையார்.'
முப்பது வருசத்தில் அவன் வாயால்
அந்தப் பட்டம் அன்றுதான்.

நேசம்மா நெல்லை ஏற்றிக்கொண்டு போனாள்.
எனக்கு நன்றி சொல்லவில்லை,
அவளுடைய தண்ணிக்கு ஏன் சொல்லவேண்டும்?
மகளின் கலியாணத்துக்குக் கார்ட் வந்தது.
இரண்டு வளவு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து
முத்திரை ஒட்டி, தபாலில்.
போனேன். மொய் எழுதினேன்.
பந்தியில் என் வரிசைக்கு அவன் வரவில்லை.

அடுத்த சிறுபோகத்து ஆரம்பக் கூட்டம்.
விதானைக்கு என் பெயரைச் சொன்னதும்
முதலில் உயர்ந்தது ஓர் இடக்கை.
கையை மட்டுந்தான் தூக்கினான்,
முகத்தைத் தூக்கவில்லை.

போன கிழமை மறுகாவும் ஒரு பை.
அதே இடம், அதே கடைசி வரவை.
வட்டை முழுக்க அவன் பெயரைச் சொன்னது.
முடிச்சைப் பார்த்தேன்: அவனுடையதில்லை.
அல்லது முடிச்சை மாற்றிப் பழகிவிட்டான்.
இந்த இரண்டாவது நினைப்பு
எனக்குள் எப்படி வந்ததென்று யோசித்தபடி
பையைத் தோளில் சுமந்து
வாய்க்கால் நெடுகிலும் நடந்தேன்.
முதுகில் ஈரம் வழிந்தது.

படலையில் நின்று நீட்டினேன்.
இடக்கையால் வாங்கினான்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
நகத்தால் ஒரே ஒரு இழுவை,
பையின் வாய் அவிழ்ந்து
மண் எங்கள் கால்களில் கொட்டியது.
'கட்டத் தெரியாதவன் கட்டியிருக்கான்டா' என்றான்.

சாட்சி போய்விட்டது.
இரண்டு பேரும்
மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.