அக்டோபர் என்று சொல்

ஆல்டோனாவில், எங்கள் சமையலறை மேசையில்
அம்மாவுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தவர்
அப்பாதான்.

'செப்டம்பர் என்றால் கணக்கு உதைக்கும், தெக்லா.
அக்டோபர் என்று சொல்.
கண்ணாடி வில்லை வாங்க நான் அப்போது
யேனாவுக்குப் போயிருந்தேன். ரசீதுகூட இருக்கிறது.'
மூக்குக்கண்ணாடி விற்றவரிடம்
எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது.

ஆளையும் அவரே தேர்ந்தெடுத்தார்:
டெட்லெஃப் ஹார்ம்ஸ், இழுவைப்படகு மாலுமி,
ஞாயிறுதோறும் அவரோடு சதுரங்கம் ஆடித் தோற்றவன்,
எல்பேயில் மூழ்கிப் பதினொரு வருடம்.
'செத்தவன் மறுக்கமாட்டான்.
இவன் கோபித்துக்கொள்ளவும் மாட்டான்.'

முதல் நாள் ஒத்திகையில் அம்மாவுக்கு
அந்தச் சொல் வாயில் வரவில்லை.
இரண்டாம் நாள் வந்தது, கூடவே சிரிப்பு,
இருவருக்கும், வாயைப் பொத்திக்கொண்டு
(கீழ்வீட்டில் கட்சிக்காரர்).
மூன்றாம் நாள் சரளமாகச் சொன்னாள்.
அப்பா எழுந்துபோய்க்
குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.
சுவருக்கு இப்பால், பதினான்கு வயதில்,
தண்ணீர் ஓடுவதை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கீல் நகர ஆய்வகத்தில் என் உடுப்பைக் களைந்தார்கள்.
முடிக்கு வண்ண அட்டை, மூக்குக்கு இடுக்கி,
விழிக்கு ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி விழிகள்.
பேராசிரியர் என் காதுமடலை,
முற்றலா பிஞ்சா என்று
வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பவர்போல,
மடக்கிப் பார்த்தார்.
அப்பாவை என் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.
தன் காதை என் காதிலிருந்து
எவ்வளவு தூரம் தள்ளிவைக்க முடியுமோ
அவ்வளவு தூரம் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்.

'ஹார்ம்ஸின் மகனாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.'
கட்டணம் பதினெட்டு மார்க்.
அப்பா கட்டினார். ரசீது வாங்கினார்.

ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை ஒன்று இருந்ததால்தான்
அதுவரை அவர் மேலங்கி வெறுமையாக இருந்தது.
நான் ஆரியன் ஆனதும் அவர் பிள்ளையில்லாதவர்;
பிள்ளையில்லாதவருக்கு விலக்கு இல்லை.
அடுத்த வாரம் அம்மா மஞ்சள் நட்சத்திரத்தைத் தைத்தாள்,
ஆறு முனைக்கும் இரட்டைத் தையல்:
ஒரு நூல் தளர்ந்தாலும் தண்டனை உண்டு.

நாற்பத்தைந்து பிப்ரவரியில் கூட்டிப்போனார்கள்.
நிலையத்துக்கு நான் போகக்கூடாது,
சட்டப்படி யாரோ ஒருவர்.

யேனா ரசீதின் பின்புறத்தில் பென்சில் கையெழுத்து:
'பையன் தப்புவான். எனக்கு நட்சத்திரம் வரும்.
சரி.'
அதன் கீழே கோடு போட்டு, கூட்டல் முடித்ததுபோல.

டெட்லெஃபின் தமக்கை வீப்கே
பிளாங்கனேசேயிலிருந்து இப்போதும்
கம்பளிக் காலுறை பின்னி அனுப்புகிறாள்.
போன டிசம்பரில் பார்க்கப் போனேன்.
ஜன்னல் வெளிச்சத்துக்கு என்னை இழுத்து,
முகத்தைத் திருப்பி, காதைப் பிடித்துப் பார்த்தாள்.
'அப்படியே என் தம்பி,' என்றாள்.

'ஆமாம், அத்தை,' என்றேன்.