விதி பதினான்கு

பஞ்சிகாவத்தையில் மழை.
றிஸ்மின் நானா மேசையில் வைத்தார்
ஒரே விலைக்கு இரண்டு சோடி புஷ்:
கம்பனி வார்த்த கறுப்பு ரப்பர்,
கல்லுப்போல் ஒரு சிவப்பு.
"சிவப்பைப் போடுங்க, வளைவில அசையாது."

அசையாதுதான்.
விதிப்புத்தகமோ
தேய்ந்ததை மாற்று என்கிறது,
தேற்றாதே என்கிறது.

கறுப்பையே வாங்கினேன்,
கொஞ்சம் பெருமையோடு.

இரவு, மருதானைக் கராஜ்.
லோவர் ஆர்மைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்த
பழைய புஷ் முனகிக்கொண்டு வெளியே வந்தது.
கிரீஸைத் துடைத்தேன்.
சிவப்பு.

எனக்கு முன் இந்தக் காரை ஓட்டியவன் போட்டது.
பரிசோதகரின் டோர்ச்சுக்கு அகப்பட்டது அழுக்கு மட்டும்.
அலுமாரியில் என் மூன்று கோப்பைகள்.

ஞாயிறு,
இரண்டாம் வளைவில் மூக்கு நழுவியது.
ஏழாவதாக வந்தேன்.
கோப்பைகளைப் பற்றி
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.