அடையாளம்: எழுத்துப்பிழை

பின்சக்கரத்தை மட்டும் பூட்டியிருந்தேன்.
பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு
முன்சக்கரத்தில் உருட்டிப் போயிருக்கிறான்,
பின்னங்கால் பிடித்து ஆட்டை நடத்துவதுபோல.
மார்த்தாண்டம் மேம்பாலத் தூணடியில்
எண்ணெய்ச் சொட்டு நான்கு மிச்சம்.
டீக்கடையில் கேட்டேன்.
‘சாவி தொலைஞ்சுபோச்சுன்னான்.
நாங்கதான் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டோம்’ என்றார்கள்.

ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார்:
பில் இருக்கா?
இல்லை.
பெடல் அச்சுக்கு அடியில் நம்பர் அடிச்சிருக்குமே, அதாவது தெரியுமா?
தெரியும்.
வாங்கிய அன்றே கவிழ்த்துப் போட்டு
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து
எழுதிவைத்திருந்தேன்,
காஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்.
ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார்.
சைக்கிள் தொலைத்தவர்களில்
நம்பரோடு வந்த முதல் ஆள் நான்தானாம்.
அந்தப் பெருமையில்
ரசீதைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தேன்.

நான் யோவேல்.
எம்மாவு அச்சகத்தில்
பதினாறு வருடமாகப் பிழை பார்ப்பவன்.

பதினோராம் நாள்
களியக்காவிளை தாண்டி, பாறசாலைச் சந்தையில்
மீன்பெட்டி சுமந்து நின்றது.
வலது பெடலில் நான் சுற்றிய பச்சை நைலான் கயிறு
அப்படியே இருந்தது.
பொழியூர்க்காரர், பெயர் பத்றோஸ்,
எழுநூறு சொன்னவனுக்கு
எண்ணூறு கொடுத்து வாங்கினாராம்.
விற்றவன் ஆஸ்பத்திரிச் செலவு என்று அழுதானாம்.
எனக்குக் கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியவில்லை.
ஒரு கைப்பிடி அவர், ஒரு கைப்பிடி நான்,
அந்த ஊர் ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டே போனோம்.
வழியில் இரண்டு பேர் அவரிடம் மத்தி வாங்கினார்கள்.
காத்து நின்றேன்.

போலீஸ்காரர் ஷிபுலால்
குனிந்து, டார்ச் அடித்துப் படித்தார்:
486312.
என் ரசீதைப் படித்தார்:
483612.
‘இது வேறயாணு’ என்றார்.

பதினாறு வருடம்
ஊரார் பெயரையெல்லாம் நேராக்கியவன்
ஆறும் மூன்றும் இடம் மாறியதைப் பார்க்கவில்லை.
பத்றோஸ் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.
அப்போதுதான் நினைவு வந்தது,
சீட்டுக் கம்பி ஆடாமலிருக்க
குழாய்க்குள் நான் மடித்துத் திணித்த அட்டை.

திறக்கும் முன்பே சொன்னேன்:
ஊதா நிறம். பெனிலா, அஜின்.
மே பதினாறு, காலை பத்தரை மணி.
ஸ்பானர் வந்தது. சீட்டு கழன்றது.
துருவில் நனைந்து, வெற்றிலைபோல் சுருண்டு
வெளியே வந்தது அட்டை.
கொஞ்சம் தமிழ் படிப்பாராம் ஷிபுலால்.
ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார்:
தி… ரு… ம… ன…
நின்றார். மறுபடி கூட்டினார்.
‘யோவேலே, இவிடெ ‘ண’ அல்லே வேண்டது?’

அதுதான் சார் அடையாளம் என்றேன்.
முந்நூறு அட்டை இதே பிழையோடு திரும்பி வந்தது.
அரை மாதச் சம்பளம் போனது.
நான் பார்க்காமல் விட்ட பிழையை
எல்லைக்கு இந்தப்புறம் ஒருவர்
ஒரே மூச்சில் பிடித்துவிட்டார்.

இந்த ஸ்டேஷன் கடிதம், அந்த ஸ்டேஷன் கையெழுத்து,
சைக்கிள் என் கைக்கு வர ஐந்து நாள்.
பத்றோஸ் மாட்டிய புது டயருக்குப் பணம் நீட்டினேன்.
வாங்கவில்லை.
பெல் மட்டும் தன்னுடையது என்று
கழற்றிக்கொண்டார்.
போகும்போது அடித்துக்கொண்டே போனார்,
கையில் வைத்து.

இப்போது சங்கிலி
முன்சக்கரம், சட்டம், பின்சக்கரம் என்று நுழைந்து
தூணையும் சுற்றி வருகிறது.
சாப்பாட்டுத் தூக்கைவிடப் பூட்டு கனம்.
நம்பரை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்,
முன்னிருந்து ஒருமுறை, பின்னிருந்து ஒருமுறை படித்து.
ஊதா அட்டை மறுபடி குழாய்க்குள்.

எத்தனை சோப்புப் போட்டும்
கேரியரில் மீன்வாடை போகவில்லை.
நிறுத்திய ஐந்தாவது நிமிடம்
தூணடிக்கு வந்துவிடுகின்றன பூனைகள்.
நேற்று யாரோ சீட்டைத் தொட்டானாம்,
கையில் கீறலோடு ஓடினானாம்.
டீக்கடையில் சொன்னார்கள்.