நாயைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை

நாங்கள் கேட்டது ஆண்டை மட்டும்தான்.

போத்தோங் பாசிர். வெள்ளம். கறுப்பு வெள்ளைப் படம்.
பின்புறம் பென்சிலில் ஓர் ஏழு,
அதற்கடுத்த எண்ணை
இராமபாணப் பூச்சி தின்று செரித்துவிட்டது.
பெரிதாக்கி நுழைவாயிலில் மாட்டினோம்.
கீழே ஒரு பெட்டி, கொஞ்சம் அட்டைகள்,
நான்கு மொழிகளில் ஒரே கேள்வி.
தமிழ்க் கேள்வி என்னுடையது.
'சொல்லுங்கள்' போதுமா 'தெரிவிக்கவும்' வேண்டுமா என்று
அரைநாள் யோசித்து
'சொல்லுங்கள்' என்றே விட்டேன்.

முக்கியமானவை என்று கோப்பில் குறித்தவை:
மார்பளவு நீர்.
கீரைப் பாத்திகள் இருந்திருக்க வேண்டிய இடம்.
கதவொன்றைப் படகாக்கித் தள்ளும் இருவர்.
பன்றிக் கொட்டகை.
கொட்டகையின் தகரக் கூரைமேல்
முன்னங்காலில் தலைவைத்து,
இதெல்லாம் எனக்குப் புதிதா என்று கிடக்கும் நாயை
கோப்பில் குறிக்கவில்லை.

முதல் அட்டை மறுநாளே வந்தது.
"ஆண்டு நினைவில்லை. நாயின் பெயர் ஹீத்தாம்.
நாங்கள் தொடமாட்டோம், பெயர் மட்டும் வைத்தோம்.
ரொஸ்னா, பிடோக் வடக்கு."
அடுத்தது தோ பாயோவிலிருந்து, சீனத்தில்.
சியூ லிங் படித்துவிட்டுச் சிரித்தாள்:
நாய் ஆ ஹுவாட்டாம். மீன் வாங்கித் திரும்பினால்
வீடுவரை துணைக்கு வருமாம்,
காய்கறி என்றால் வராதாம்.
பதினோராவது தமிழ், பச்சை மை:
"அது எங்கள் மந்திரி.
எங்கள் என்கிறேனே தவிர எங்களுடையது இல்லை.
காலையில் எங்கள் வீட்டு இட்லி,
அதற்குமேல் எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை.
அமிர்தகௌரி, செங்காங்."

இயக்குநர் பெரேரா கேட்டார்:
மழையளவு பற்றி யாருமே எழுதவில்லையா?
இல்லை. வலது காது மடிந்திருக்கும் என்று ஆறு பேர்.
படத்தில் வலது காதே தெரியவில்லையே.
அதைத்தான் சொல்கிறேன், சார்.

சனிக்கிழமை வரச்சொன்னோம்.
காப்பி வைத்தோம், கறிபஃப் வைத்தோம்.
மூவரும் ஒருவரையொருவர் அறியாமல்
நாற்பது ஆண்டு பேசாத பங்காளிகள்போல்
எடுத்த எடுப்பில் சண்டையிட்டார்கள்.
ஹீத்தாம்தான். மந்திரிதான்.
ஆ ஹுவாட், என்றார் திரு ஓங், என் குரலுக்குத்தான் வரும்:
தேசிய சேவைக்கு நான் போன காலை
லாரிக்குப் பின்னால் பாலம்வரை ஓடிவந்து
எதிலோ மோதிக்கொண்டது,
அன்றிலிருந்து இடது பின்னங்கால் மடங்காது.
படத்தில் அந்தக் கால்
கூரை விளிம்புக்கு வெளியே குச்சிபோல் நீண்டிருந்தது.
எந்த ஆண்டு போனீர்கள்?
எழுபத்தெட்டு, மார்ச்.
சியூ லிங் குறித்துக்கொண்டாள்.
எங்கள் வேலை முடிந்தது. அவர்கள் கவனிக்கவே இல்லை.

கறிபஃப்பைப் பிட்டபடி அமிர்தகௌரி கேட்டார்:
வீவக வீட்டுக்கு நீங்கள் கொண்டுபோனபோது
விட்டார்களா, அவ்வளவு பெரிய நாயை?

நாங்களா? நீங்கள்தானே கொண்டுபோனது?

இருவரும் ரொஸ்னாவைப் பார்த்தார்கள்.
எங்களால் முடியாதென்று தெரியும்தானே, என்றார் அவர்.
உங்களில் ஒருவர் வீட்டில் இருக்கிறதென்றுதான்
இத்தனை நாளும்.

குளிர்சாதனத்தின் ஓசை கேட்டது.
பள்ளிப் பிள்ளைகள் ஒரு வகுப்பு கடந்துபோனது.
திரு ஓங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
திரும்ப மாட்டாமல்
சட்டைப் பைக்குள் வைத்தார்.

விளக்கக் குறிப்புக்கு நாற்பது சொல் அனுமதி.
வெள்ளத்துக்கு இருபது, ஊருக்குப் பத்து செலவழித்து
மிச்சத்தில் எழுதினேன்:
கூரைமேல் ஹீத்தாம், ஆ ஹுவாட், மந்திரி.
பெரேரா சிவப்புப் பேனாவோடு வந்தார்.
ஒரு நாய்க்கு மூன்று பெயரா?
பதில் சொல்லாமல் நின்றேன்.
பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

திங்கள்கிழமை கேள்விப் பலகையைக் கழற்றினோம்.
ஆண்டுதான் கிடைத்துவிட்டதே.
பெட்டியை நான் கழற்றவில்லை.
நான்காவதாய் ஒரு வீடு இருந்திருக்கலாம்.
மாலையில், விளக்கணைக்குமுன்,
திறந்து பார்க்கிறேன்.