தியேட்டர் பிரிண்ட்

ஒறிஜினல் வந்துவிட்டது.
களுவாஞ்சிக்குடிச் சந்தியில்
பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே
கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டினேன்:
துல்லிய ஒலி. வெட்டிய காட்சிகள் இலவசம். இருநூறு ரூபாய்.
மருதமுனையிலிருந்து றிஸ்கான்
மோட்டார்சைக்கிள் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த முப்பதும்
பின்னேரத்துக்குள் முடிந்தன.

மறுநாள் கடை திறக்கவே ஓர் ஆள் சண்டைக்கு நின்றார்.
"தம்பி, படம் வடிவாத்தான் இரிக்கு.
சிரிப்புத்தான் வரல்ல."

பற்பசை பூசித் துடைத்தேன்.
வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
கீறல் இல்லை.

கதை பழையதுதான்.
செவிடனாக நடித்து வேலைக்குச் சேர்கிறான் ஒருவன்.
முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டு உடைக்கிறார்கள்,
திரும்பமாட்டான்.
"சம்பளம்" என்று மூலையில் யாரோ முணுமுணுக்க
கழுத்துச் சுளுக்கிக்கொள்ளும் வேகத்தில் திரும்புவான்.
கறுப்பு வெள்ளையில் தட்டு மட்டும்.
புதியதில் தட்டு, பட்டாசுக் கட்டு, ஒரு நாய்,
கடைசியாக ஹெலிகொப்டர்.
சம்பளம் மாறவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் விற்றது வேறு.
எந்த ஊர் மண்டபமோ,
மடியில் கமராவை வைத்து எவனோ திருடியது.
திரை சரிந்திருக்கும்.
இடது மூலையில் ஒரு தலை முளைத்து,
வெளியே போய், எதையோ கொறித்தபடி திரும்பி வரும்.
வெளிச்சமே இல்லாத முன்னூறு பேர் சிரிப்பார்கள்.
அவர்களோடு சேர்ந்து ஊரும் சிரித்தது.

வெள்ளிக்கிழமை தவமலர் வந்தா.
சங்கக்கடையில் கணக்கு எழுதுகிறவ.
"இது வேணாம். முந்தித் தந்தியே, கூடாத கொப்பி, அத எடு."
"அதில தலை மறைக்குமே அக்கா?"
"தலை கிடந்திட்டுப் போகட்டும்."

நாற்பத்தேழாவது நிமிடத்தில் நிறுத்தச் சொன்னா.
இன்னும் கொஞ்சம் பின்னுக்கு.
சத்தத்தைக் கூட்டு.

தட்டு. பட்டாசு. நாய். ஹெலிகொப்டர்.
யாரும் இன்னும் சம்பளம் என்று சொல்லவில்லை.
மண்டபம் காத்திருக்கிறது.
அதற்குள் ஓர் ஆள் சிரித்துவிடுகிறான்.
சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற மாதிரித் தொடங்கி
விக்கலில் முடிகிற சிரிப்பு.

"கேட்டியா? முந்திச் சிரிக்கான்.
பழைய படம் பாடமாக்கின ஆள்.
எங்கட வீட்ட இருந்ததே அந்த ஒரு கசற்றுத்தான்.
மண்ணெண்ணெய் சேத்து, ஜெனரேற்றர் இரவல் வாங்கி
மாசத்துக்கு ஒருக்காப் பாப்பம்.
ஒவ்வொருக்காவும் முந்திருவான்.
ஒவ்வொருக்காவும் என்னட்ட அடி வாங்குவான்."

குகதாசன் வாழைச்சேனையில் படகேறி
ஒன்றரை வருடம்.
அதை அவ சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.

றிஸ்கானுக்குப் போன் போட்டேன்.
"எங்க எடுத்த பிரிண்ட்டுடா இது?"
"மலேசியா எண்டானுகள். இல்லாட்டி மெல்பேர்ன்.
மதுரையாவும் இரிக்கலாம். ஏன்ணே, பொலிஸா?"

பழைய படம் பார்த்தவர்கள் எத்தனை லட்சம்,
விக்கலோடு சிரிக்கிறவர்கள் எத்தனை பேர்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவ தாள்களை ஒவ்வொன்றாக
மேசையில் விரித்து எண்ணிக்கொண்டிருந்தா.
"ரெண்டு கொப்பி போடு.
ஒண்டு கீறுப்பட்டா மத்தது இரிக்கட்டும்.
பில்லும் எழுது."
பில்லில் என்ன எழுத?
"படம் எண்டு எழுது. ரெண்டு."

சண்டைக்கார மனிதர் ஞாயிறு திரும்பி வந்தார்.
அவருக்கும் அதையே பதிந்து கொடுத்தேன்.
பிறகு அவருடைய மச்சான். பிறகு கல்லாற்றிலிருந்து இரண்டு பேர்.
கண்ணாடியில் புதிதாக எழுதி ஒட்டினேன்:
தலை மறைக்கும் கொப்பியும் உண்டு.
இருநூற்றைம்பது.

இப்போது களுதாவளையில், குருமண்வெளியில்,
கரண்ட் நிற்காத இரவுகளில்
யாரென்று தெரியாத அவன்
எல்லோருக்கும் முந்திச் சிரிக்கிறான்.
"எவண்டா அவன், அவசரக்காரன்?" என்கிறார்கள்.
பின்னுக்குப் போட்டு மறுபடி கேட்கிறார்கள்.