தொட்டது நான்தான்

பத்தொன்பது குளிர்காலம் துடைத்தேன்.
தூரமாய்க் கணக்குப் போட்டால்
பீல் நகரிலிருந்து பாசல் வரை
குனிந்த முதுகோடே போய்த் திரும்பியிருப்பேன்,
பலமுறை.

கர்லிங் எறிகிறவளின் ஆட்டம் என்பார்கள்.
தொலைக்காட்சியும் அவள் முகத்தைத்தான் காட்டும்:
யோலாந்தா ஏபிஷர், ஒரு கண்ணைச் சுருக்கி,
கைப்பிடியை விடும் அந்த நொடி,
தூங்கிவிட்ட குழந்தையின் பிடியிலிருந்து
விரலை உருவிக்கொள்வது போல.
பிறகு படம் மாறும்.
நான் வருவது முதுகாக.
முதுகில் வூத்ரிஹ் என்று இருக்கும்.
பெர்ன் பத்திரிகை அதையும் இருமுறை தப்பாகப் போட்டது.

முதல் இரண்டு கல் என்னுடையவை.
காவல் கற்கள். வட்டத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு வருவேன்,
யாராவது அடித்து விரட்டுவார்கள்,
அதற்குத்தான் அவை.
மிச்சம் ஆறுக்கும் துடைப்பம்.
ஓர் ஆட்டத்துக்கு அறுபது கல்,
ஒவ்வொன்றும் ஆறு வயதில் என் மகள் இருந்த எடை.

பனித்தரையில் துளித்துளியாய்த் தண்ணீர் தெளித்து
உறையவிட்டிருப்பார்கள்; பார்த்தால் வேர்க்குரு மாதிரி.
அதன் தலையைத் தேய்த்துச் சூடேற்றினால்
கல் இன்னும் நாலடி போகும்,
கொஞ்சம் நேராகவும் போகும்.
அவ்வளவுதான் என் தொழில்.
அந்தக் கோடியிலிருந்து யோலாந்தா "ஹர்ரி!" என்பாள்.
தோளுக்கு முதலில் கேட்கும், காதுக்கு அப்புறம்.

பகலில் ஓல்ட்டனில் அஞ்சல் பிரிக்கிற வேலை.
விடுப்பெல்லாம் போட்டிகளுக்கே போயிற்று.
கடலைப் பார்க்கப் போனது ஒரே தடவை, ஸ்காட்லாந்தில்,
இந்தக் கல்லை வெட்டியெடுத்த தீவைப் பார்க்கலாமென்று.
மூடுபனி.

தூனில் இறுதியாட்டம்.
பத்தாவது சுற்று, சமநிலை, கடைசிக் கல் எங்களுடையது.
அவர்கள் கல் ஒன்று வட்ட விளிம்பில் உட்கார்ந்திருந்தது.
பாதி வழியில்
என் துடைப்பத்தின் ஓரம் பட்டது.
பட்டது என்பதே பெரிய சொல்.
இமைமுடி கன்னத்தில் படுமே, அவ்வளவு.
நடுவர் பார்க்கவில்லை.
கேமரா யோலாந்தா மேல் இருந்தது.
கூடவே துடைத்த செலினாகூடப் பார்க்கவில்லை.
கல்லுக்குத் தெரியும் என்று எழுதினால் அழகாக இருக்கும்.
கல்லுக்கு ஒன்றும் தெரியாது.
போய்க்கொண்டே இருந்தது,
நல்ல கல், நடுப்பொட்டுக்கே போகிற கல்.

கையைத் தூக்கினேன்.
காலால் ஓரம் தள்ளினேன்.

யோசித்துத் தூக்கவில்லை.
யோசித்திருந்தால்?
அந்தக் கேள்வியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும்.
தந்தார்கள்.
திரும்பும்போது யோலாந்தா வண்டி ஓட்டினாள்.
கிர்ஹ்பெர்க் வரை பேச்சில்லை.
பெட்ரோல் நிலையத்தில் இறங்கி
ஒரே ஒரு பிரெட்ஸல் வாங்கி வந்து பிய்த்தாள்.
பெரிய பாதி எனக்கு.
"எந்த இடத்தில்?"
"கோட்டைத் தாண்டி, பாதியில்."
"ம்."
அடுத்த குளிர்காலமும் என்னைத்தான் கூப்பிட்டாள்,
அதற்கடுத்ததும்.
இரண்டிலும் நாங்கள் இறுதிவரை வரவில்லை.

இப்போது தோளில் இரண்டு திருகாணி.
வேலையிடத்துச் சரிவில் பொட்டலங்கள் இறங்கிவரும்.
ஏதாவது ஒன்று, ஸ்கீ காலணியோ என்னவோ,
வேகம் குறைந்து நடுவழியில் நிற்கப் பார்க்கும்.
என் கை தானாக அதன் முன்னால்
காற்றைத் தேய்க்கும்.
பக்கத்து வரிசை மிலோவான் சிரிப்பார்.
சில நாள்
பொட்டலம் வந்தும் சேர்கிறது.