நாற்பத்திரண்டு றாத்தல்

கச்சான் காற்று கதவை அடித்துக்கொண்டிருந்த மத்தியானம்
பயணப்பெட்டியின் அடியில், காலுறைக்குள் சுற்றிவைத்திருந்த
அட்டைப்பெட்டியைப் பிரித்து
இரண்டு அம்புமுனைகளை மேசைவிரிப்பில் வைத்தார் குகநேசன் அண்ணா.
கட்டுநாயக்காவில் கேட்டதற்கு
மீன்பிடிச் சாமான் என்றாராம்.

ஒன்று,
மூன்று அலகும் வெளியே தெரிய
பிறந்ததிலிருந்தே திறந்திருப்பது.
மற்றது வாயை மூடிக்கொண்டு
ஒல்லியாய், நல்ல பிள்ளையாய்.
தோலில் முட்டின கணத்தில்தான்
இரண்டு சிறகும் விரியுமாம்,
இரண்டங்குல அகலத்துக்கு.

“யோகன், நீர் எதை எடுப்பீர்?”
லேத் பட்டறை வைத்திருப்பவர் என்பதால்
கேள்வி என் மனுசனுக்கு.
இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மூடின அலகை நகத்தால் நெம்பினார்.
அதைப் பிடித்திருந்த றப்பர் வளையம்
பால்மாப் பை கட்டுகிறதை விட மெல்லிசு.
“அசையிற சாமான் எண்டா
ஒருநாள் அசையாது மச்சான்.
படகு வின்ச்சிலயும் அதுதான் கதை.”

“ஆனா இது நேராப் பறக்கும்.
மற்றதுக்குக் காத்துப் பிடிக்கும்.
வில்லில ஒரு நூலிழை பிசகினாலும்
அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகும்.”

பிறகு இருவரும் கிராம் கணக்கில் கதைத்தார்கள்.
நான் கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன்.
இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரித் தியேட்டரில்
கத்தி எண்ணிக் கொடுத்த கை.
நேராய்க் கீறின காயம் எப்படி வாய் திறக்கும்,
முறுகிக் கிழிந்தது ஏன் மூடாது,
யாரும் கேட்கவில்லை.

நானாகத்தான் கேட்டேன்:
“பட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓடும்?”

“சரியாப் பட்டா ஐம்பது, அறுபது யார்.
கண்ணுக்கு முன்னாலயே விழும்.”

“சரியாப் படாட்டி?”

காற்று கதவை ஒருமுறை சாத்தித் திறந்தது.
அண்ணா மூடின முனையைக் கையில் எடுத்தார்,
வைத்தார்.

போன ஒக்டோபர்.
அம்பு மட்டும் வழியில் கிடந்ததாம்,
ஒரு சிறகு விரிந்து, மற்றது மூடினபடி.
இலையெல்லாம் சிவந்து உதிர்கிற காட்டில்
குனிந்து குனிந்து
சிவப்பைத் தேடியிருக்கிறார்.
இரவு மழை.
விடிந்து நாயோடு போயும் இல்லை.
மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டாராம்.
அண்ணிக்குச் சொன்னது:
அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அவரது வலது தோள் தெரிந்தது.
வந்த நாள் முதல் தண்ணீர்ச் செம்பை
இடக்கையால்தான் தூக்குகிறார்.
“இப்ப எத்தனை றாத்தல் இழுக்கிறீங்கள்?”
காலையில் இவரிடம் அறுபது என்றவர்
என்னிடம் நாற்பத்திரண்டு என்றார்.

“அந்தப் பலத்தில, அது விரியிறதுக்கே
பாதி உந்தல் போயிடும்.
மிச்சத்தில என்னத்த வெட்டும்?
திறந்திருக்கிறதையே பூட்டுங்கோ.
காத்துப் பிடிச்சா, கிட்டப் போய் நில்லுங்கோ.
கிட்டப் போக ஏலாட்டி
விடாதேங்கோ.”

தான் சொல்ல வந்ததும் அதுதான் என்றார் இவர்.

பின்னேரம் டைக் வீதிப் படலை திறந்து கிடக்க
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று உள்ளே வந்து
குப்பைக் கூடையைக் கவிழ்த்தது.
பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலுக்கு
ஆட்களோடு இடிபடுகிற இனம்.
அம்புமுனை வந்த அட்டையை இழுத்து மென்றது.
அதில் கொம்பு விரித்த ஒரு கனடா மான்.
முதலில் கொம்பு போனது, பிறகு விலை.

ஆறடி தூரம்.
அண்ணா படியில் நின்று பார்த்தார்,
முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், விலாவில்,
ஒரு புள்ளிக்கும் மற்றப் புள்ளிக்கும் நடுவே
உள்ளங்கை அளவு இடத்தை.
அது உப்பியது, தாழ்ந்தது.

சூ என்றார்.
குரல் வரவில்லை.
மான் அட்டையின் கடைசி மூலையையும்
நிதானமாய் முடித்துவிட்டுத்தான் போனது.